நாலு கஜ தூரம்

குற்றவாளியின் பெயரை முதல் பீரியடிலேயே சொல்லிவிட வேண்டும். துப்பறியும் கதையை வகுப்பில் நடத்த நம் ஊரில் இருக்கும் ஒரே விதி இதுதான். பலகையில் பாடத்தின் பெயர், அதன் கீழே எழுதியவர் பெயர், அதற்கும் கீழே ‘வில்லன்: கல்வர்டன் ஸ்மித்’ என்று எழுதி இரட்டைக் கோடு போட்டாயிற்று. பிள்ளைகள் அதைச் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். இனி கதையைப் படிக்கலாம், படிக்காமலும் விடலாம். பெரும்பாலும் மணி அடித்துவிடுவதால் இரண்டாவதே நடக்கிறது.

2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஏழாவதும் கடைசியுமான உரைநடைப் பாடம் ‘தி டையிங் டிடெக்டிவ்’. ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை, 1913-ல் வெளிவந்தது, பாடநூலுக்காகச் சுருக்கப்பட்டது. இதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. அதே நூலில் சத்யஜித் ராயின் கதையும் இருக்கிறது. 1965-ல் ஃபெலுடா என்ற துப்பறிவாளனை வங்கச் சிறுவர்களுக்குக் கொடுத்த அதே ராய். ஜேம்ஸ் தர்பரின் பேய்க் கூத்தும் இருக்கிறது. தொகுத்தவர்கள் பிள்ளைகள் இவற்றை வாசிப்பார்கள், சிரிப்பார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று மனசார நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு வினாத்தாளில் இடம் ஒதுக்கப்படவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் அதற்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவர்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

ஹோம்ஸ் சாகக் கிடக்கிறார். மூன்று நாளாகச் சோறு தண்ணீர் இல்லை. வீட்டுக்காரம்மா மிஸஸ் ஹட்சன் பதறிக்கொண்டு போய் டாக்டர் வாட்சனிடம் சொல்கிறார். ஓடி வந்த வாட்சன் பார்ப்பது ஒட்டிய முகம், சிவந்த கன்னம், பளபளக்கும் கண், உதட்டோரம் பொருக்கு. கிட்டே வராதே என்கிறார் நோயாளி. சுமத்ராவில் கூலிகளுக்கு வரும் நோயாம், தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். தொற்றுக்குப் பயந்து நண்பனை விட்டு விலகுகிற ஆளல்ல வாட்சன், நெருங்கப் பார்க்கிறார். உடனே ஹோம்ஸ் அவருடைய படிப்பையும் அனுபவத்தையும் பற்றி, எந்த டாக்டரும் கேட்கச் சகிக்காத வார்த்தைகளைச் சொல்கிறார். கட்டிலிலிருந்து பாய்ந்து கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறார். கணப்புக்கு மேல் இருக்கும் சின்னத் தந்தப் பெட்டியை வாட்சன் கையில் எடுத்ததும் ஊரே கேட்கும்படி அலறுகிறார். அப்புறம் பிதற்றல். சில்லறைக் காசை எந்தப் பையில் போடுவது, கடலடி முழுக்க ஏன் சிப்பியாகவே நிறைந்துவிடவில்லை என்றெல்லாம். கடைசியில் ஓர் ஆளை அழைத்து வரச் சொல்கிறார். அந்த ஆள் டாக்டர் இல்லை. சுமத்ராவில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு துரை, கல்வர்டன் ஸ்மித். ஆனால் அவனோடு சேர்ந்து வராதே, ஏதாவது சாக்குச் சொல்லி முந்தி வந்துவிடு. வந்ததும் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள். என்ன நடந்தாலும் மூச்சு விடாதே.

ஸ்மித் வருகிறான். சாகப்போகிறவனிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று மருமகன் விக்டர் சாவேஜைக் கொன்ற கதையைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறான். அதே கிருமியைத் தந்தப் பெட்டிக்குள் கூரான ஸ்பிரிங்கில் வைத்து ஹோம்ஸுக்கு அனுப்பியதையும் சொல்கிறான். சாட்சியான பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். விளக்கைக் கொஞ்சம் பெரிதாக்கு என்கிறார் ஹோம்ஸ். ஸ்மித் பெரிதாக்குகிறான். வேறேதாவது வேண்டுமா என்று கேட்கிறான்.

ஒரு தீக்குச்சியும் சிகரெட்டும் வேண்டும் என்கிறார் ஹோம்ஸ். குரலில் நோயே இல்லை.

முதல் தடவை வாசிக்கிற பிள்ளை இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். பக்கத்து பெஞ்சைத் தட்ட வேண்டும். ‘டேய், நடிச்சிருக்கான்டா!’ என்று கத்த வேண்டும். அதற்காகத்தான் டாயில் முந்தைய பக்கங்களை எல்லாம் எழுதினார். நாமோ அந்தச் சிகரெட்டைப் பலகையில் எழுதி, கோடு போட்டு, கேள்வி எண் கொடுத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

பத்து வரிக்கு மிகாமல் எழுத வேண்டும் என்பது வினாத்தாளின் உத்தரவு. பிள்ளைகள் எழுதும் பத்தி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஷெர்லாக் ஹோம்ஸ் மிகச் சிறந்த துப்பறிவாளர். வாட்சன் அவருடைய நண்பர். கல்வர்டன் ஸ்மித் கெட்டவன். ஹோம்ஸ் நோயாளி போல நடித்தார். ஸ்மித் குற்றத்தை ஒப்புக்கொண்டான். போலீஸ் கைது செய்தது. நீதி: தீமை ஒருபோதும் வெல்லாது.

ஒருபோதும் வெல்லாதாம். விக்டர் சாவேஜைக் கேட்டுப் பாருங்கள்.

இதுகூடப் பரவாயில்லை, இதில் ஸ்மித்தின் பெயராவது இருக்கிறது. இதைவிட நுட்பமான ஒரு பத்தி புழக்கத்தில் உண்டு. தலைப்பையும் எழுதியவர் பெயரையும் மட்டும் கேள்வித்தாளைப் பார்த்து நிரப்பிக்கொண்டால் ஏழு பாடத்துக்கும் பொருந்தும் பொதுப் பத்தி அது. ‘இந்த அழகான கதையை எழுதியவர் இன்னார். இதில் வரும் முக்கியப் பாத்திரம் துணிச்சலும் விடாமுயற்சியும் உள்ளவர். நாமும் அவரைப் போல வாழ வேண்டும்.’ முதல் பாடத்தில் பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சுக்கும் இது பொருந்துகிறது, படகில் உலகைச் சுற்றிய கடற்படைப் பெண்களுக்கும் பொருந்துகிறது. யோசித்துப் பார்த்தால் கல்வர்டன் ஸ்மித்துக்கும் பொருந்துகிறது. துணிச்சல், விடாமுயற்சி இரண்டும் அவனிடம் இருந்தன. மெல்லக் கற்கும் மாணவர்களுக்காகக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். மெல்லக் கற்பவனுக்குத் தேவை கூடுதல் நேரம். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் கொடுத்த சன்மானம் இது.

சரி, கதையின் முடிவில் உண்மையில் என்ன இருக்கிறது? கைது இருக்கிறது, அது ஒரு வரி. மற்றதெல்லாம் விளக்கம். நெற்றியில் வாசலின், கண்ணில் பெல்லடோனா, கன்னத்தில் ரூஜ், உதட்டைச் சுற்றித் தேன்மெழுகுப் பொருக்கு. மூன்று நாள் பட்டினி மட்டும் நிஜம். விளக்கு, வெளியே நிற்கும் இன்ஸ்பெக்டர் மார்ட்டனுக்கு அடையாளம். வாட்சனை முந்தி வரச் சொன்னது ஒளிய நேரம் வேண்டும் என்பதற்கு. ‘நீ ஒன்று சொன்னால் நான் ஒன்று சொல்வேன், கோர்ட் யாரை நம்பும்?’ என்று ஸ்மித் கேட்பான் என்று ஹோம்ஸுக்கு முன்பே தெரியும். அதனால்தான் கட்டிலுக்குப் பின்னால் ஒரு சாட்சி. பெட்டியைத் தொட்டபோது அலறியது வாட்சன் சாகக் கூடாது என்பதற்கு. நடிப்பு மிகுந்த அந்த அறையில் அந்த ஓர் அலறல் நிஜம். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டி விலக்கியது எதற்கு? வாட்சன் நல்ல டாக்டர் என்பதற்காக. நாடி பிடித்தால், காய்ச்சல் பார்த்தால், ஒரு நிமிஷத்தில் வேஷம் கலைந்துவிடும். நாலு கஜம் தள்ளி நின்றால்தான் ஏமாற்ற முடியும் என்று ஹோம்ஸே சொல்கிறார்.

நல்ல துப்பறியும் கதையின் கடைசிப் பக்கம், அதுவரை நாம் பார்த்தும் பாராமல் விட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக் கையில் கொடுக்கிறது. அந்த முடிவைச் சுருக்கி எழுத வேண்டுமானால் எது எதனால் நடந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் எட்டு வரியில் எழுதிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காரண காரிய உறவைச் சொல்லித்தர இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. கடைசி இரண்டு பக்கத்தைப் பின் அடித்து மூடிவிட்டு மீதியைப் படிக்கக் கொடுத்தால் போதும். ‘ஹோம்ஸ் வாட்சனை ஏன் கிட்டே விடவில்லை? ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.’ நாற்பது பிள்ளைகள் நாற்பது பொய் எழுதும், அதில் நாலு நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அப்புறம் பின்னைப் பிரித்துவிடலாம். இதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம். ஒரு பீரியட் வேண்டும்.

அந்த ஒரு பீரியட்தான் இல்லை. ஒரு பெண் எழுந்து கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘மிஸ், அவர் ஃப்ரெண்ட போய் ஏன் மிஸ் அப்படித் திட்டறாரு?’ கேட்டதும் வகுப்பில் ஒரு கணம் துப்பறியும் கதை உயிரோடு நிற்கிறது. கதையின் பூட்டு அது, அவள் கை அதன்மேல் இருக்கிறது. பதில் வருகிறது: ‘அது கேள்வில வராது. நீ உட்காரு.’ அவள் உட்காருகிறாள். அவளுக்கு அன்றைக்கு ஒரு பாடம் நன்றாகப் புரிந்துவிடுகிறது. டாயில் எழுதிய பாடமல்ல.

இந்த இடத்தில் டீச்சர் மேல் பாய்ந்தால் ஸ்மித்தை விட்டுவிட்டுத் தீக்குச்சியைக் கைது செய்த கதையாகிவிடும். அந்த டீச்சர் மீட்டிங்கில் உட்கார்ந்து, போன வருஷம் தேர்ச்சி விகிதம் ஏன் ஒன்றரை சதவீதம் குறைந்தது என்று எழுந்து நின்று பதில் சொன்னவர். தலைமையாசிரியர் அவரைப் பார்த்தார், அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார், மாவட்டத் தரவரிசைப் பட்டியல் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த மீட்டிங்கிலும் எந்த அதிகாரியும், ‘உங்கள் வகுப்பில் யாராவது அந்தச் சிகரெட்டுக்குச் சிரித்தார்களா?’ என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ‘போர்ஷன் முடிச்சாச்சா?’ என்று கேட்பார்கள். ஆனால் டீச்சருக்கும் ஒரு வார்த்தை உண்டு. வாயில் வந்த ‘உட்காரு’வை யாரும் சுற்றறிக்கை போட்டு அனுப்பவில்லை.

போர்ஷன் என்றதும் தனியார் பள்ளிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. அங்கே ஸ்மித் ஒரு வருஷம் முன்னதாகவே பிடிபட்டுவிடுகிறான். பிறகு அரையாண்டில் ஒருமுறை, திருப்புதல் தேர்வு ஒவ்வொன்றிலும் ஒருமுறை, நடுவே ஸ்லிப் டெஸ்டுகளில் கணக்கில்லாமல் கைதாகிறான். ஸ்காட்லாந்து யார்டு சரித்திரத்தில் இத்தனை முறை கைதானவன் எவனும் இல்லை. ஒவ்வொரு கைதிலும் அவன் குற்றம் இன்னும் கொஞ்சம் மங்கிப்போகிறது. பிப்ரவரி வாக்கில் அவன் யாரைக் கொன்றான் என்பது யாருக்கும் நினைவில்லை. ‘ஸ்மித் கன்ஃபெஸ்டு’ என்ற இரண்டு சொல் மட்டும் மிச்சம். அதன் கீழே அடிக்கோடு போட்டால் திருத்துபவர் கண்ணில் படும்.

அரசுப் பள்ளியில் வேறு விதி. ஏழாவது பாடம் கடைசிப் பாடம். சாய்ஸில் விட்டுவிடலாம். முதல் சில பாடங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் கேள்வி எப்படி வந்தாலும் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆளிருக்கிறது. அதனால் அங்கே ஹோம்ஸ் நிஜமாகவே செத்துப்போகிறார். வாட்சனைக் கூப்பிடப் போகும் மிஸஸ் ஹட்சன் வாசற்படியைத் தாண்டுவதற்குள் ஸ்டடி லீவ் வந்துவிடுகிறது.

துணைப்பாடத்துக்கு இன்னொரு சித்திரவதை உண்டு: கலைத்துப்போட்ட வாக்கியங்களைச் சரியான வரிசையில் எழுதுக. சாதாரணக் கதைக்கு இதில் குற்றமில்லை. இதே கத்தியைத் துப்பறியும் கதைக்கும் எடுத்துப் போகும்போதுதான் வயிறு எரிகிறது. துப்பறியும் கதைக்கு இரண்டு வரிசை உண்டு. நடந்த வரிசை ஒன்று: சாவேஜ் செத்தான், ஹோம்ஸ் சந்தேகப்பட்டார், பெட்டி தபாலில் வந்தது, ஹோம்ஸ் பட்டினி கிடந்தார். சொன்ன வரிசை வேறு: மிஸஸ் ஹட்சன், வாட்சன், திட்டு, பெட்டி, ஸ்மித், அதற்குப் பிறகுதான் சாவேஜ். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் டாயிலின் கைவண்ணம் முழுதும் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி சாவேஜின் சாவை முதலில் வைத்தால் அவள் கதையை ஆழமாகப் புரிந்துகொண்டாள் என்று பொருள். வகுப்புத் தேர்வில் அதற்கு ஒரு பெருக்கல் குறி கிடைக்கும். பாடத்தின் எந்தப் பக்கத்தில் எந்த வரி வருகிறது என்று நினைவு வைத்திருப்பவன் ஐந்துக்கு ஐந்து எடுப்பான். அவனைத் துப்பறியும் இலாகாவில் சேர்த்தால் குற்றவாளிகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இப்போது அந்த நாலு கஜத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் பயமாக இருக்கும் இடம் அதுதான்.

ஹோம்ஸ் நோயை மனப்பாடம் செய்தவர். எந்த அறிகுறி எங்கே தெரிய வேண்டும், அதற்கு என்ன பூச வேண்டும், எப்போது பிதற்ற வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. பூசிக்கொண்டு படுத்தார், டாக்டரை நாலு கஜம் தள்ளி நிறுத்தினார், நோயாளி என்ற சான்றிதழ் கிடைத்துவிட்டது. நம் பிள்ளை என்ன செய்கிறது? தலைப்பு, எழுதியவர், மேற்கோள் குறிக்குள் ஒரு வரி, அடிக்கோடு, நீதி என்று உதட்டில் தேன்மெழுகு தடவிக்கொண்டு மார்ச் மாதத்தில் படுத்துக்கொள்கிறது. விடைத்தாள் திருத்தும் மையத்தில் கட்டுக்கட்டாகத் தாள் வருகிறது, கையில் கீ இருக்கிறது, கீயில் என்னென்ன பொருக்கு எங்கெங்கே இருக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. கன்னம் சிவப்பா? ஒரு மார்க். கண் பளபளப்பா? ஒரு மார்க். நாடி பிடிக்க நேரமில்லை. பிடிக்கச் சொல்லவும் இல்லை. வாட்சனாவது கிட்டே போகத் துடித்தார், திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். நம் முறை தானாகவே நாலு கஜம் தள்ளி நின்று, அதற்கு ‘புளூ பிரிண்ட்’ என்று பெயரும் வைத்துக்கொண்டது.

வாட்சன் தூரத்தால் ஏமாந்தார். ஸ்மித் கட்டில் வரைக்கும் வந்து, குனிந்து பார்த்து, அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டும் ஏமாந்தான். அவன் ஏன் ஏமாந்தான்? பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தான். தன் கைவேலை பலித்துவிட்டது என்று நம்ப அவனுக்கு அத்தனை ஆசை. தேர்ச்சி விகிதம் வெளியாகும் நாளில் தொலைக்காட்சியில் சிரிக்கும் முகங்களைப் பார்க்கும்போது எனக்கு அவன் நினைவுதான் வருகிறது. 2024-ல் 91.55 சதவீதம், 2025-ல் 93.80 சதவீதம். நோய் நன்றாக முற்றியிருக்கிறது என்று திருப்தியோடு தலையாட்டுகிறார்கள். பாஸான பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, அவர்கள் நல்லா இருக்கட்டும். அந்த எண் எதை அளந்தது என்று கேட்கத்தான் வழியில்லை. அதே பிள்ளையிடம் இன்னொரு ஹோம்ஸ் கதையை, பாடநூலில் இல்லாததை, நோட்ஸ் இல்லாமல் கொடுத்து முடிவை எட்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். வில்லன் பேரைச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்.

இத்தனைக்கும் தமிழனுக்குத் துப்பறியும் கதை வாசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதிக் குவித்து, வீட்டுப் பெண்களை ராத்திரி விளக்கணைக்க விடாமல் செய்தவர்கள். அப்புறம் டீ குடித்தே குற்றம் கண்டுபிடித்த சங்கர்லால், கணேஷ் வசந்த், விவேக் ரூபலா, பரத் சுசீலா. பஸ் நிலையத்துக் கடையில் பாக்கெட் நாவல் வாங்கியவர் ஊர் வந்து இறங்கும்போது கொலைகாரனைத் தெரிந்துகொண்டு இறங்கினார். லெண்டிங் லைப்ரரிப் புத்தகத்தில் கடைசித் தாளைக் கிழித்தவனும், முதல் பக்கத்திலேயே ‘கொன்னது மேனேஜர்’ என்று பால்பாயிண்டில் எழுதி வைத்தவனும் அந்தக் காலத்தில் ஊர்ப் பாவியாகக் கருதப்பட்டார்கள். அவர்கள் மேல் சாபம் விழுந்தது. அதே வேலையை இன்றைக்குக் கைடு என்ற பெயரில் அச்சடித்து விற்கலாம், பள்ளியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும்.

லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’ நாடகம் 1952-லிருந்து ஓடுகிறது. கொரோனா காலத்தில் மட்டும் நின்றது. ஒவ்வொரு நாளும் நாடகம் முடிந்ததும், கொலைகாரன் யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். எழுபது வருஷத்துக்கு மேலாக முன்பின் தெரியாத ஜனங்கள் ஒரு கதைக்கு மரியாதை செய்து வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நாமோ அரசாங்கச் சம்பளம் கொடுத்து, யூனிஃபார்ம் போட்டு உட்காரவைத்து, கொலைகாரன் பெயரைக் கூட்டாகச் சொல்லச் சொல்கிறோம். சத்தம் போதவில்லை என்றால் இன்னொரு தடவை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது பத்து வரிக்குள் அடங்காது. சுமத்ராத் தோட்டத்துரை ஒருவனுக்குக் கிருமி ஆராய்ச்சி எப்படி வந்தது? மூலக்கதையில் காரணம் இருக்கிறது. வைத்திய வசதி எட்டாத அவன் தோட்டத்தில் அந்த நோய் பரவியது. அவனே அதை ஆராயத் தொடங்கினான். அந்தத் தோட்டத்தில் எத்தனை கூலிகள் செத்தார்கள், அவர்கள் பெயர் என்ன, ஸ்மித் அவர்களைக் காப்பாற்ற ஆராய்ந்தானா, அல்லது அவர்கள் செத்த விதத்தை வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டானா என்று கதை சொல்லவில்லை. லண்டனில் சொத்துக்காகச் செத்த ஒரு வெள்ளைக்கார இளைஞனின் சாவுதான் வழக்கு. தாத்தாவுக்குத் தாத்தாவைக் கண்டித் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் காட்டுக்கும் அனுப்பிய ஊர்களில் இந்தப் பாடம் நடக்கிறது. தோட்டத்துரை, கூலி, காய்ச்சல் என்ற மூன்று சொல் பெஞ்சில் வந்து விழுந்தால் எந்தப் பிள்ளையாவது, ‘எங்க பாட்டி சொன்னாங்க சார்’ என்று ஆரம்பித்திருக்கும். ஹோம்ஸே தவறவிட்ட ஒரு தடயத்தை அந்தப் பிள்ளை பிடித்திருக்கும். ஆனால் ஸ்மித் கெட்டவன் என்று முதல் பீரியடிலேயே தீர்ப்பு எழுதி இரட்டைக் கோடு போட்டாகிவிட்டதே. எதனால் கெட்டவன், யாருக்கெல்லாம் கெட்டவன் என்ற விசாரணைக்கு இனி அவசியமில்லை.

ஆகவே அடுத்த பாடநூலைத் தொகுக்கப்போகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கதையை எடுத்துவிடுங்கள். வீணாகப் பக்கம் பிடிக்கிறது. மாதிரி விடையை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டால் போதும். வாட்சனுக்கு மார்க் இல்லை, தூக்கிவிடலாம். சிப்பிக்கு மார்க் இல்லை. சிகரெட்டைத் தூக்குவதற்கு நல்லொழுக்கக் காரணமும் இருக்கிறது, யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மிச்சமாகும் பக்கங்களில் இன்னும் ஏழெட்டுக் கதைகளின் முடிவுகளைச் சேர்க்கலாம். டாயில் ஐம்பத்தாறு ஹோம்ஸ் சிறுகதை எழுதியிருக்கிறார். ஐம்பத்தாறு குற்றவாளிகள் பெயரையும் இரண்டு பத்தியாகப் பிரித்துப் பொருத்துக என்று கொடுத்தால் பிள்ளைகள் முழு ஹோம்ஸையும் ஒரே பீரியடில் முடித்துவிடுவார்கள். அமைச்சர் வெளியிடலாம். ‘உலக இலக்கியத்தில் நம் மாணவர்கள்’ என்று பேனர் வைக்கலாம்.

இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் வேறொன்று கேட்கிறேன், சின்னதுதான். ஐந்து மார்க்கில் ஒரே ஒரு கேள்வி. ஸ்மித்தைப் பிடித்தபின், கட்டிலுக்குப் பின்னால் இருந்த வாட்சனை மறந்தே போய்விட்டேனே என்று ஹோம்ஸ் ஆயிரம் மன்னிப்புக் கேட்கிறார்; மறக்கவில்லை, அதுவும் ஸ்மித்துக்காக நடித்ததுதான். படிப்பையும் தொழிலையும் மட்டம் தட்டிய அந்தத் திட்டுக்கு மட்டும் அவர் மன்னிப்புக் கேட்பதில்லை, விளக்கம் கொடுக்கிறார். உன் திறமைக்குப் பயந்துதான் விலக்கினேன் என்கிறார். அந்த விளக்கம் போதுமா? நீங்கள் வாட்சனாக இருந்தால் அன்றிரவு அவரோடு சாப்பிடப் போயிருப்பீர்களா? எட்டு வரியில் எழுதுக.

வராது. கீ தயாரிக்க முடியாது.